பிரித்துத் தைத்த முடிவு

அக்கா,

மகளின் பனியனில் பை கோணலாக இருந்தது. இன்று அதைப் பிரித்து நேராகத் தைத்தேன். எவ்வளவு இஸ்திரி போட்டாலும் பழைய தையல் ஓடிய வழியில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. போச்சு, உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. அதற்குமேல் வேலை ஓடவில்லை.

ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா வரம்பு நீங்கி, பனியன் கம்பெனிகள் ஆள் போதாமல் தவித்த வருடங்களில்தான் நாம் பழகினோம். மண்ணரையில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் நம் இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். நீங்கள் கம்பெனியில் பவர் டேபிள் மிஷினில் தைக்கிற டெய்லர். நான் ஆபீசில் ஆங்கிலக் கடிதங்கள் பார்ப்பவள். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஐந்து பாக ஆங்கில மாயக்கதையை ஞாயிறுதோறும் துவைக்கிற கல்லருகில் உங்களுக்குத் தமிழில் சொல்வேன். அதில் வரும் கோட்டைக் காவலன் காற்றோடு பேசுவான். ஆனால் பிரியமானவர்களிடம் கெட்ட சேதி சொல்ல மட்டும் அவனுக்கு வாய் வராது. எதிரி வருவதை மறைத்து ஓர் ஊரையே பறிகொடுத்தான்.

இவனெல்லாம் ஒரு நாயகனா என்று எனக்கு எரிச்சல். நீங்கள் சோப்பு நுரைக் கையோடு சண்டைக்கு வந்தீர்கள்.

"தப்பே பண்ணாதவனக் கும்புட்டுட்டுப் போயிரலாம் கண்ணு. இவனுக்காவத்தான் மனசு கெடந்து அடிச்சுக்குது."

ஐந்தாம் பாகம் கைக்கு வந்தபோது நீங்கள் நோயில் படுத்துவிட்டீர்கள். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு உங்களோடு வந்தவள் நான்தான். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி வைத்தியமில்லை என்றார். வெளியே வந்து, "மாத்திரையிலேயே சரியாயிரும்னு சொல்லிட்டாருங்க்கா" என்றேன். வெள்ளகோவிலில் இருக்கும் தம்பியோடு உங்களுக்கு ஆறு வருடமாகப் பேச்சில்லை. "ஒடம்பு தேறட்டும், நிமிந்து நடந்து போயி அவனப் பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். நான் உண்மையை மறைத்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டு மாதம் இப்படியே போனது.

கதையின் முடிவையும் மாற்றினேன். புத்தகத்தில் அவன் மற்றவர்கள் பிழைக்க வேண்டுமென்று கோட்டைக் கதவை வெளியே நின்று சாத்திவிட்டுச் செத்துப்போகிறான். நான் சொன்ன கதையில் விடியற்காலையில் கதவைத் தட்டினான், எல்லோரும் கட்டிக்கொண்டார்கள்.

நீங்கள் நம்பவில்லை.

"ஏங்கண்ணு, இது பிரிச்சுத் தச்ச துணி பீஸாட்ட இருக்குது. ஊசித் தொளை தெரியுது. ஊரையே தொலைச்சவன் பதிலுக்கு ஒண்ணுமே குடுக்காம எப்படித் திரும்பி வருவான்? நெசத்தச் சொல்லு."

சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டீர்கள். "இப்பத்தான் கதை சரியா உக்காருது" என்றீர்கள். நான் புத்தகத்தை மூடுவதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"டாக்டரு சொன்னதையும் இப்படித்தான் மாத்திச் சொன்னியா?"

மறுபடி பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை, உள்ளதைச் சொல்லிவிட்டேன். கேட்டு நீங்கள் அழவில்லை, கோபப்பட்டீர்கள். "அடிப்பாவி, ரெண்டு மாசத்தத் தின்னுட்டியே!" அந்தச் சொல் இன்றுவரை என் காதில் இருக்கிறது அக்கா. இருக்கட்டும், அது எனக்கு வேண்டியதுதான்.

மறுநாளே வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறினோம். உங்கள் தம்பி வாசலுக்கு ஓடிவந்து, "இத்தன நாளு ஏனுங்க்கா வரலை?" என்று காலைக் கட்டிக்கொண்டு அழுதார். நீங்கள் அங்கேயே தங்க, மூன்று வாரம்தான் கிடைத்தது உங்கள் இருவருக்கும். அன்று என்னை வழியனுப்பும்போது கையைப் பிடித்து, "நீயும் அந்தக் காவல்காரனாட்டத்தான். அதுக்காவ உன்னைய உட்டுர முடியுமா?" என்றீர்கள். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

இன்று பரணிலிருந்து ஐந்தாம் பாகத்தை எடுத்துப் படித்தேன். அவன் திரும்பவில்லை. அதுதான் சரியான முடிவு, தெரியும். இருந்தாலும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என் பொய் முடிவை வாய்விட்டு ஒருமுறை சொன்னேன். விடிகிறது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள். ஓடிப்போய்த் திறக்கிறேன். நிற்பது காவலன் இல்லை அக்கா. சோப்பு நுரைக் கையோடு நீங்கள்.

துளை தெரிந்தால் தெரியட்டும்.