கயிறு மாற்றாத விற்பனை

இன்று காலை ஸ்டாண்டில் ஏற்றியிருந்த வண்டியோடு, கோளாறு பார்த்துச் சொல்லும் பெட்டியை இணைத்தேன். திரையில் சிவப்பு எழுத்து வந்து நின்றது. கெடு முடிந்துவிட்டதாம், பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டுமாம். வண்டிக்காரர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வேகத்தில் வாய் தானாக உன்னைக் கூப்பிடப் பார்த்தது. மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் எத்தனையோ ஆடி போய்விட்டது. ஆனாலும் கோபம் வந்தால் கடையின் முன்பக்கம் திரும்பும் வழக்கம் மட்டும் எனக்குப் போகவில்லை.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கேதானே நீ உட்கார்ந்திருப்பாய், ட்யூப், ஆயில், பல்பு விற்றுக்கொண்டு. பின்னால் நான் வண்டிகளோடு. வந்தவாசி ரோட்டில் நம் கடை நன்றாகத்தான் ஓடியது, இன்ஜெக்‌ஷன் வண்டிகள் வரும்வரை. கார்புரேட்டர் என்றால் கழற்றி ஊதிப் பார்த்துச் சொல்லிவிடுவேன். இந்த வண்டிகளுக்குள் ஒரு சின்ன கம்ப்யூட்டர். என்ன கோளாறு என்று அது பெட்டியிடம்தான் சொல்லும், என்னிடம் சொல்லாது. பெட்டியின் விலை நம் கறவை மாட்டின் விலை.

மாட்டை விற்கலாம் என்று சொன்னது நீதான். எனக்கு மனசு வரவில்லை.

"மாடு இன்னொண்ணு வாங்கிக்கலாம்யா. வர்ற வண்டியெல்லாம் காஞ்சிபுரம் ஷோரூமுக்குப் போய்க்கினே இருந்தா, கடைய எங்க போய் வாங்குவ?" என்றாய்.

வாங்க வந்தவர் தாமல் பக்கத்து விவசாயி. வழக்கப்படி புதுக் கயிறு கொண்டுவந்திருந்தார். அவர் கயிறு மாட்டின் கழுத்தில் ஏறியதும் நீ நம் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டாய். கயிறு மாற்றினால் விற்பனை முடிந்தது. அதற்குப் பிறகு மாடு கறந்தாலும் அவர் பாடு, உதைத்தாலும் அவர் பாடு. நாம் அந்தப் பக்கம் போய் எதுவும் கேட்கக் கூடாது. நீ அழவில்லை. மறுநாள் காலை பால் வாங்க டீக்கடைக்குச் சொம்பை எடுத்துக்கொண்டு போனபோது மட்டும் முகம் ஒரு மாதிரி இருந்தது.

பெட்டி வந்ததும் நமக்கு நல்ல காலம்தான். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் வண்டிகள் வந்தன. பெட்டி சொல்லும், நான் செய்வேன், நீ சாமானை எடுத்துக் கொடுப்பாய். பாத்திரக்கடை பாய் புது வண்டி வாங்கியபோது, "சர்வீஸ் எல்லாம் இங்கதான்" என்று சாவியை உன்னிடமே கொடுத்தார். இரண்டு தடவை அந்த வண்டியைப் பெட்டி படித்தும் காட்டியது.

மூன்றாம் தடவை அதே வண்டி, அதே பெட்டி. திரையில் கெடு முடிந்தது என்று வந்தது. புதிதாக வந்த மாடலுக்குப் பணம் கேட்டால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது, நானே ஒத்துக்கொள்வேன். நேற்றுவரை படித்த வண்டியை இன்றைக்குப் படிக்க மாட்டேன் என்று வாயை மூடிக்கொள்வது என்ன நியாயம்? என் ஸ்பானர் செட் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. வருஷம் பிறந்துவிட்டது, காசைக் கட்டு, இல்லாவிட்டால் நட்டைத் திருப்ப மாட்டேன் என்று அது ஒரு நாளும் சொன்னதில்லை. போனில் கேட்டால், பெட்டி விலையில் பாதியைக் கட்டச் சொன்னார்கள். வருஷா வருஷம் கட்ட வேண்டுமாம். விற்கும்போது இதை ஒருவரும் சொல்லவில்லை.

பாயின் வண்டியை மினி லாரியில் ஏற்றி ஷோரூமுக்கு அனுப்பினோம். அவர் கோபப்படவே இல்லை. "நீ இன்னாம்மா பண்ணுவ, வுடு" என்றார். அந்த வார்த்தைதான் உன்னைச் சுட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாய்.

மறுநாளே பெட்டியைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினாய். நானும் பின்னாலேயே வந்தேன். அந்த ஆபீசில் ஏசி குளிரில் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நீ நின்றது கண்ணிலேயே இருக்கிறது. மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், பெட்டி உங்களுது. உள்ளே இருக்கிற சாப்ட்வேர் எங்களுது. நீங்க வாங்கினது ஒரு வருஷம் பயன்படுத்துற உரிமை."

"அப்போ மாட்ட வித்துட்டு மடிய உன் கையில வச்சிக்கினு கீறியா, சார்?"

அவருக்குப் புரியவில்லை. நீ விடவில்லை. "எங்க மாட்ட தாமல்காரருக்கு வித்தோம். வருஷம் ஒரு தபா அவர் வூட்டாண்ட போய், காசு குடு, இல்லாங்காட்டி பால் வராதுன்னு நிக்கிறனா? அப்பிடி நின்னா என்னை இன்னான்னு சொல்லுவாங்க ஊர்ல?"

"மேடம், இது கம்பெனி ரூல்ஸ்."

"ரூல்சு இல்ல. நீ கயித்த அவுக்கவே இல்ல, அதான் விஷயம்."

சொல்லிக்கொண்டே பையிலிருந்து பெட்டியை எடுத்தாய். வண்டியோடு இணைக்க அதில் செருகியிருந்த நீள வயரைப் பிடுங்கி, அவர் மேசைமேல் போட்டாய். "இந்தா ஒன் கயிறு. மாடு எங்களுது." பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாய். ஆபீசில் எல்லோரும் பார்த்தார்கள். நான் அவசரமாகச் செருப்பைத் தேடிக்கொண்டு ஓடிவந்தேன்.

திரும்பும் பஸ் செங்கல்பட்டைத் தாண்டியது. பிறகு பொறுக்க முடியாமல், "வயரு இல்லாம இது இன்னாத்துக்கு ஆவும்?" என்று கேட்டேன்.

"வயரு இருந்தப்ப மட்டும் இன்னாத்துக்கு ஆச்சு?"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கு அப்போது உன்மேல்தான் எரிச்சல். வயர் இருந்திருந்தால் கடன் வாங்கியாவது பணத்தைக் கட்டியிருக்கலாம் என்று நினைத்தேன். நீ சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை என்பதும் தெரிந்தது. சரியான பேச்சால் நம் கடைக்கு ஒரு வண்டிகூடத் திரும்பி வரவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறாத ஆத்திரம். புது வண்டிகள் கடையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. மிஞ்சிய பழைய வண்டிகளை வைத்து நான் ஓட்டினேன். நீ முன்பக்கத்தை மூடிவிட்டு நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போனாய். இன்னொரு மாடு நாம் வாங்கவே இல்லை. போய்ச் சேரும்வரை டீக்கடைப் பால்தான் குடித்தாய். அந்த மேனேஜருக்கு இதெல்லாம் தெரியப் போவதில்லை.

இப்போது சாலையில் ஓடுவதெல்லாம் இன்ஜெக்‌ஷன் வண்டி. வேறு வழியில்லாமல் நானும் ஒரு பெட்டி எடுத்திருக்கிறேன். வாங்கினேன் என்று யாரிடமும் சொல்வதில்லை. கேட்டால் வாடகைக்கு இருக்கிறது என்பேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவர்களுக்கு நீ சொன்னதைச் சொல்வேன், மடி யார் கையில் இருக்கிறது என்று. சிரிப்பு நின்றுவிடும்.

இந்தப் பெட்டிக்கு வயரே கிடையாது, பிடுங்கிப் போட. போய் நிற்க ஆபீசும் இல்லை. போன் செய்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு குரல் சொல்கிறது. வண்டிக்காரர் மணி பார்க்க ஆரம்பித்தார். ஆத்திரத்தோடேயே பணத்தைக் கட்டிவிட்டேன். திரை சரியானது, வண்டியும் சரியானது, அவர் போய்விட்டார். நீ இருந்திருந்தால் கட்ட விட்டிருக்க மாட்டாய். சண்டை போட நீ இல்லாததால் கட்டுகிறேன், வருஷா வருஷம்.