தண்ணீர்ச் சுவருக்கு நடுவே

மிங்கலா தாங்ஞுன்ட்,
ரங்கூன்.

அன்பு மகள் சாயிமாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உன்னை நோய் நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். இங்கே எல்லோரும் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

இன்று சுபுஹு தொழுததும் முதல் வேலையாகப் பால்கனிக்குப் போய், நேற்றுப் பகல் முழுக்க வெயிலில் வைத்திருந்த பெரிய குடிதண்ணீர்ப் போத்தலைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் இளஞ்சூடாக இருந்தது. பகலில் வாங்கிய வெயிலைத் தண்ணீர் இரவில் திருப்பிக் கொடுக்கும் என்று அன்று நான் விளக்கியது சரிதான். அது ஒன்றுதான் சரி. நீ கொரியாவுக்குப் போகுமுன் ஏஜெண்டு நசீர் பண்ணை வீடியோவைக் காட்டினானே, மிளகாய் நாற்றுப் பாத்திகளைச் சுற்றிப் பிளாஸ்டிக் குழாய்களைச் சுவர்போல நிறுத்தி, உள்ளே தண்ணீர் நிரப்பி, அந்தக் குளிரிலும் ஒரு இலை கருகாமல் வைத்திருந்தார்கள். உன் வாப்பா தயங்கினார். தாவரவியல் படித்தவள் என்ற தலைக்கனத்தில் நான்தான், செடிக்கே இவ்வளவு பார்க்கிற முதலாளி பிள்ளைகளை விட்டுவிடுவாரா, தைரியமாக அனுப்புங்கள் என்றேன்.

போன வாரம் உன் தங்கை ஷிரின் அழுதுகொண்டே நீ அனுப்பிய குரல் பதிவைப் போட்டுக் காட்டினாள். உங்களைத் தங்க வைத்திருக்கும் தகர அறையில் சூட்டுக்கு ஒன்றுமே இல்லையாம், நாற்றுக் கொட்டகைக்குள் போய் அந்தத் தண்ணீர்க் குழாயில் முதுகை ஒட்டிக்கொண்டு படுக்கிறாயாம், மிளகாயோட மிளகாயா நானும் கெடக்குறேன்டி, உம்மாகிட்டச் சொல்லிடாதே என்று சிரிக்கிறாய். சிரிப்புக்கு நடுவே இருமல். நாலு தடவை கேட்டேன். வாப்பாவுக்கும் போட்டுக் காட்டினேன், குளிர் நாட்டுல குளிரத்தான் செய்யும், பழகிடும் என்று கடைக்குக் கிளம்பிவிட்டார். போனில் கேட்டால் நல்லாத்தான் இருக்கேன் உம்மா என்பாய், அதனால்தான் இந்தக் காகிதம். பக்கத்து வீட்டு வாஜித்தின் மகள் செவ்வாய்க்கிழமை அங்கே புறப்படுகிறாள், அவள் கையில் கொடுக்கிறேன்.

இப்போது ஷிரினையும் அதே பண்ணைக்குக் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நசீர் அவள் பாஸ்போர்ட்டை வாங்க வருகிறான். வேண்டாம் என்று இழுத்துப் பார்த்தேன். நீ சொன்னதுதானே புள்ள, செடிக்கே அம்புட்டுப் பாக்குறவன்னு என்று வாப்பா என் வார்த்தையையே என் தலையில் போட்டார். நசீருக்கோ அது பெரிய வசதி, படிச்ச நபீஸாக்கா வாக்குன்னு சொல்லித்தான் ஊர்ப் பிள்ளைங்களை அனுப்புறேன் என்கிறான். என்னை நம்பி இன்னும் யார் வீட்டுப் பிள்ளைகள் போனார்களோ, கேட்கவும் பயமாக இருக்கிறது.

இதோடு சோற்றுக்குப் பலாச்சாங் இறால் பொரியலும் இருமலுக்குக் கருஞ்சீரகமும் வைத்திருக்கிறேன். வெறும் வயிற்றில் மாத்திரை போடாதே. தொழுகையை விடாதே, என் துஆ எப்போதும் உன்னோடு இருக்கும். ஒப்பந்தம் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இராமல் கிளம்பி வா. பெற்றவர்கள் என்ன சொல்வார்களோ என்று யோசிக்காதே, பெற்றவள்தான் சொல்கிறேன்.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, ஷிரினிடம்கூட. அவள் பாஸ்போர்ட் என் தொழுகைப் பாய்க்குள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதைக் கொடுக்கப் போவதில்லை. நசீரையும் வாப்பாவையும் உட்காரவைத்து, நான் சொன்னது தப்பு, அந்த முதலாளி காப்பாற்றியது விற்கிற மிளகாயை மட்டும்தான் என்று சொல்லப் போகிறேன்.

உன் உம்மா,
நபீஸா