கிட்னியோடு வந்த பயம்

அன்புள்ள மகனுக்கு,

நான் கொடுத்த கிட்னி உனக்குப் பொருந்திவிட்டது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதமாகிறது. நீ பயந்துகொண்டு வாசலைக்கூடத் தாண்டுவதில்லை என்று பேத்தி போனில் சொன்னாள்.

நேற்று முழங்கால் வலிக்கு ஆம்பூரில் சீன வைத்தியம் பார்ப்பவரிடம் போனேன். நாடி பிடித்துப் பார்த்தார்.

"எங்க வைத்தியப்படி பயம் கிட்னியிலதான் தங்கும் ஆயா. உங்களுக்கு இன்னா பயம்?"

"எனக்கா? இருந்ததை அப்படியே பையனுக்குக் குடுத்துட்டேனே!"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் அப்பா போன பிறகு இருபது வருஷம் தோல் டேனரி வேலைக்குப் பயந்துகொண்டேதான் போனேன். யாரிடமும் சொன்னதில்லை. ஒருநாள்கூட லீவு போட்டதுமில்லை. பயந்துகொண்டே வேலைக்குப் போக அந்தக் கிட்னிக்குத் தெரியும். திங்கட்கிழமை அதைக் கூட்டிக்கொண்டு போ.

இப்படிக்கு,
இன்னொன்றை வைத்திருக்கும் அம்மா