பதினாலு மாத ஓட்டை

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலமாகத்தான் இருப்பீர்கள். போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் சண்டை வருகிறது, ஆகவே கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

நேற்று இருபத்திரண்டாவது நேர்காணல். எதிரே மூன்று பேர். குளிர்பதன இயந்திரம் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

"பதினாலு மாசமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"வேலை தேடிட்டிருந்தேன்."

"அது தெரியுது. வேற?"

"சாப்பிட்டேன், தூங்கினேன். உங்க ரூம் ஏசி சத்தம் போடுது. அதைப் பத்திக் கேளுங்க, சொல்றேன்."

கேட்கவில்லை. போகச் சொன்னார்கள்.

இத்தனை நாள் யாரும் எடுக்கவில்லை, அதனால் நானும் எடுக்கமாட்டேன் என்கிறார்களே, இது என்ன கணக்கு? பழைய கம்பெனியின் குளிர்பதனக் கிடங்கில் மைனஸ் ஒன்பது டிகிரி இருந்தபோது பதிவேட்டில் மைனஸ் பதினெட்டு என்று எழுதச் சொன்னான் பழைய மேனேஜர். மறுத்துவிட்டு வெளியே வந்தேன். அதைச் சொன்னால் சண்டைக்காரன், சொல்லாவிட்டால் சோம்பேறி.

நீயும் ஆள் எடுக்கிறவள்தான். நிஜத்தைச் சொல், அந்த இடைவெளியில் அப்படி என்னதான் பார்க்கிறீர்கள்? ஏப்ரலுக்குள் அமையாவிட்டால் பெரியப்பாவின் ஜெராக்ஸ் கடையில் உட்காரச் சொல்கிறார் அப்பா.

உன் தம்பி


மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

ஏசி சத்தத்தை உன்னிடம் யாரடா கேட்டார்கள்?

நிஜம் கேட்டாய், சொல்கிறேன். ஒரு வேலைக்கு முந்நூறு விண்ணப்பம் வருகிறது. உட்கார்ந்து கதை படிக்க நேரமில்லை. தேதிகளை மட்டும் பார்ப்பேன். ஆறு மாதத்துக்கு மேல் ஓட்டை இருந்தால் மேசைக்குக் கீழே உள்ள நிராகரிப்புக் கட்டுக்குப் போய்விடும். யார்மேலும் கோபமில்லை, ஒரு வடிகட்டி, அவ்வளவே.

நீ "தொழில்நுட்ப ஆலோசகர்" என்று போட்டுவிடு. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜை ரிப்பேர் பார்த்தாயே, அதுதான் ஆலோசனை. நேரத்துக்குச் சாப்பிடு. தாடியை எடு.

அக்கா


மார்ச் 29

மதிப்பிற்குரிய மனிதவள அலுவலர் அவர்களுக்கு,

தங்கள் கிளைக் கிடங்கில் பராமரிப்புப் பொறியாளர் வேலைக்கு ஒருவன் விண்ணப்பித்தான். "கவனமாகப் பரிசீலித்தோம், வருந்துகிறோம்" என்று பதில் வந்திருக்கிறது. கீழே தங்கள் கையெழுத்து. அந்த ஒருவன் தங்கள் கூடப்பிறந்தவன்.

உன் பேரைச் சொல்லி நுழையக்கூடாது என்றுதான் உன்னிடம் மறைத்தேன், அக்கா. அது என் தப்பு. ஆனால் என் பெயர், அப்பா பெயர், நீ வளர்ந்த வீட்டு விலாசம் எல்லாம் முதல் பக்கத்தில் இருந்தன. போட்டோ உன் கல்யாணத்தில் எடுத்தது. பக்கத்தில் நின்ற உன்னை வெட்டிவிட்டு ஒட்டினேன். உன் தோள் இன்னும் அதில் தெரிகிறது. கவனமாகவா பரிசீலித்தாய்?

வெறுத்துப்போச்சு. நாளை பெரியப்பாவிடம் கடைச் சாவியை வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்


ஏப்ரல் 4

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாமா இரண்டு நாளாகச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கட்டைப் பிரித்தேன். உன்னுடையது நாற்பதாவது. தேதிக்குச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன், உன் மூக்குக்கு ஓர் அங்குலம் கீழே. முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். பிள்ளை பெற்றவர்கள், கம்பெனி மூடியதால் நின்றவர்கள், மாமனாரைப் பார்த்துக்கொண்டவர். சோம்பேறியும் இருந்திருக்கலாம், எனக்குத் தெரியவில்லை. நானும் இரண்டு வருடம் வீட்டில் இருந்தவள்தான். அதை பயோடேட்டாவில் என்னவென்று எழுதினேன் என்று மட்டும் கேட்காதே.

மறுநாள் பெரிய மேலாளரிடம் போனேன். "சார், ஒரு கட்டு அப்ளிகேஷனைப் படிக்காமலே தள்ளிட்டேன்."

"அதுல உங்க சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

"தம்பி இருக்கான் சார். இன்டர்வியூ அன்னிக்கு நான் லீவு போட்டுடறேன்."

முறைத்தார். பிறகு பன்னிரண்டு பேரைக் கூப்பிடச் சொன்னார். கேள்வி கிடையாது, நேராக மெஷின் முன்னால் நிறுத்துவார்கள்.

பதினேழாம் தேதி, காலை ஒன்பது மணி. சாவியைத் திருப்பிக் கொடு. மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது; எழுதியதாக வைத்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. பதறாதே, முழுக்கப் படி.

குளிராத அறை ஒன்றைக் காட்டினார்கள். பார்த்த மாத்திரத்தில் "கேஸ் லீக்" என்று சொல்லி கேஸ் அழுத்தத்தை அளக்கும் பிரஷர் கேஜை மாட்டினேன். அளவு சரியாக இருந்தது. கழற்றி மறுபடி மாட்டினேன். அப்போதும் பிடிவாதமாகச் சரியாகவே இருந்தது. நேரம் முடிந்தது.

எனக்கடுத்து ஓர் அம்மா உள்ளே போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் கேஜைத் தொடவே இல்லை. விசிறிக்கு முன்னால் ஒரு காகிதத்தைப் பிடித்தார். காற்றைத் தள்ள வேண்டிய விசிறி, காகிதத்தை உள்ளே இழுத்தது.

"வயரிங்ல யாராவது கை வச்சீங்களா? ஃபேன் தலைகீழா சுத்துது" என்றார். வேலை அவருக்கு.

இருபத்திரண்டு இடத்தில் தோற்றிருக்கிறேன். ஒன்றில்கூட வேலை தெரியாமல் தோற்றதில்லை. இதுதான் முதல் தடவை. வயிறு எரிகிறது, ஆனாலும் ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

என்னை அவருக்குக் கீழே உதவியாளராக எடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை சேர்கிறேன்.

வாசலில் அந்த அம்மா கேட்டார், "எவ்ளோ நாளாப்பா வீட்ல இருந்தே?"

"பதினஞ்சு மாசம்" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"அவ்ளோதானா? நான் ஒன்பது வருஷம்" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

உன் தம்பி