நீ பொய்ச் சத்தியம் செய்யவில்லை

என் பாசமுள்ள லெட்சுமி அக்கா,

நேற்று பதுளைக்குக் கிளினிக் போய்வந்தேன். காலையிலிருந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து இடுப்பே விட்டுப்போயிற்று. ஸ்பிரிங்வெளி பஸ்ஸிலும் நின்றபடிதான் வந்தேன். எனக்கும் இப்போது உன்னைப் போலவே சீனி வருத்தம், நீரிழிவு. உடம்பும் அப்படியே ஊதிவிட்டது.

"ராத்திரி சாப்பாட்ட விட்டுட்டேங்க. முதல்ல எடை எறங்கிச்சு, இப்ப திரும்ப ஏறுது" என்று டொக்டரம்மாவிடம் சொன்னேன். திட்டு விழும் என்று பயந்தேன். அவர் திட்டவில்லை.

இரைப்பை வெறுமையானால் பசியைக் கிளப்பும் ஹார்மோன் ஒன்று அங்கிருந்து மூளைக்குப் போகுமாம். சாப்பிட்டதும் குடலிலிருந்து வேறு சில ஹார்மோன்கள் போய்ப் 'போதும்' என்னுமாம். பட்டினி கிடந்து இளைத்தால் முதலாவது கூடும், மற்றவை குறையும். உடம்பும் பஞ்சம் வந்துவிட்டதென்று தன் செலவைச் சுருக்கிக்கொள்ளுமாம். "அதனால கொஞ்சமா சாப்பிட்டாலும் எடை திரும்ப ஏறலாம். உங்க மேல குத்தம் இல்லை" என்றார்.

உடனே எனக்கு உன் நினைப்புத்தான் வந்தது.

எடை குறைந்தால் சீனி குறையும் என்று உன் ரொட்டியைப் பாதியாக்கியது நான்தானே? நீ இளைத்தாய், பிறகு மறுபடியும் ஊதினாய். "களவாத் திங்கிற" என்று தோட்டத்து லயத்து வீடுகளெல்லாம் கேட்கக் கத்தினேன். மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப்போய்க் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்யச் சொன்னேன். "நீ குடுத்ததுக்கு மேல ஒரு வாய் திங்கலடி" என்று எரிந்த கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தாய். அப்போதும் நான் நம்பவில்லை.

மூன்றே மாதத்தில் மாரடைப்பு வந்து நீ போய்விட்டாய். பொய்ச் சத்தியம்தான் ஆளைத் தூக்கிவிட்டது என்று லயத்தில் பேசினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. உன் மகள் தர்ஷினி அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

இப்போது என்னோடுதான் இருக்கிறாள், பதினேழு வயது. யாராவது உன் பேரை எடுத்தால் எழுந்துபோய்விடுகிறாள். உன் படத்துக்கு ஒரு பூ வைப்பதில்லை. எந்த முகத்தோடு அவளிடம் பேச்சை ஆரம்பிப்பது, அக்கா?

"கிளினிக்ல என்னா சொன்னாங்க சித்தி?" என்று நேற்றே கேட்டாள். "மாத்திரை குடுத்தாங்க" என்று மழுப்பினேன். களைப்பு என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது பயம்.

வெள்ளிக்கிழமை பூசைக்கு லயத்து ஆட்கள் எல்லோரும் வருவார்கள். தர்ஷினியையும் கூட்டிப்போகிறேன். அவள் பார்க்க நானே கற்பூரம் கொளுத்தி, "எங்கக்கா பொய் சொல்லல. நாந்தான் அவள பட்டினி போட்டேன்" என்று அடித்து அணைக்கிறேன். இது உறுதி. அதற்குப் பிறகு அவள் என்னைச் சித்தி என்று கூப்பிடாமல் போகட்டும். உன்னை அம்மா என்று சொன்னால் போதும்.

உன்னை நம்பாமல் விட்ட தங்கை,
செல்வம்மா