ஏழாம் மூட்டை

நவ. 3, திங்கள்

காலையிலிருந்து மழை. எங்கள் பேட்டை பிரிக்பீல்ட்ஸ் முழுக்கக் குடை, சகதி, ஹார்ன். மூன்று நாளாகத் துணி காயவில்லை.

இன்றைக்கு:
– மூன்று இடத்து அளவுகளையும் ஒரே ஃபைலில் சேர்ப்பது
– அறிக்கைக்கு வரைபடம் (வெள்ளிக்குள்)
– வாஷிங் மெஷின்காரருக்குப் போன்

எங்கள் திட்டம், எண்ணெய் எடுத்த செம்பனைக் குலையின் நாரில் சாப்பாட்டுத் தட்டு. பாலிஸ்டைரினுக்குப் பதில். நாரைச் சோடாக் கரைசலில் ஊறவைத்து மூட்டை மூட்டையாக நாங்கள் அனுப்புகிறோம், கிள்ளான் தொழிற்சாலை தட்டாக அழுத்துகிறது. பிறகு எங்கள் ஆய்வகம், இன்னொரு பல்கலைக்கழகக் குழு, தொழிற்சாலை மூவரும் தட்டுகளை உடைத்து, எவ்வளவு பாரம் தாங்கியது என்று எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்குக்கூட ஆள் இல்லை இந்த ஊரில்.

பல்கலைக்கழகக் குழு அனுப்பியது பிடிஎஃப். எண்களை நகலெடுக்க முடியாத பிடிஎஃப். பெயர் ‘ஃபைனல் புதுசு 3’. நான்கு முனைவர்கள் சேர்ந்து வைத்த பெயர்.

கிள்ளான் அதற்கும் மேல். கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில். ஓரத்தில் கட்டைவிரல், ஊதா நகப்பூச்சு. அங்கே பரிசோதனை அறை டெக்னிஷியன், பெயர் கோகிலவாணி. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் மூட்டை எண், மழையா வெயிலா, தட்டை அழுத்தியது யார் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறாள். கதை எழுதுகிறாள். எண்ணை மட்டும் தட்டச்சு செய்தேன். மீதி யாருக்கு வேண்டும்?

மதியம் தோசை. ரப்பர்.

நவ. 4, செவ்வாய்

வானம் மூட்டம். மெஷின்காரர் வரவில்லை.

காலையில் ஆன்லைன் கூட்டம். டாக்டர் ஹரிதாஸ், திட்டத் தலைவர் (இனி டா.ஹ.), இருபது நிமிடம் ‘திறந்த தரவு’ பற்றிப் பேசினார். எல்லாரும் எல்லாத்தையும் பகிரணும், ஒளிவு மறைவு கூடாது. இதே மனிதர் போன மாதம் தன் பழைய திட்டத்தின் ஒரு பக்கத்தைக் கேட்டதற்கு, “தேடிப் பாக்கிறேன் விஜி” என்றவர். இன்னும் தேடுகிறார்.

கடைசியில்: “கிள்ளான் நம்பர் மட்டும் ஏன் இப்படி ஆடுது? கொஞ்சம் கிளீன் பண்ணிடுங்க.”

பார்த்தேன். எங்கள் அளவுகள் ஒரே கொத்தாக, அழகாக. பல்கலைக்கழகக் குழுவுடையதும் சுமார். கிள்ளானில் ஒன்பது தட்டுகள் பாதி பாரத்திலேயே உடைந்திருக்கின்றன. தட்டை இடுக்கியில் கோணலாக வைத்திருப்பாள். வேறென்ன?

ஒன்பது வரிசைகளையும் கணக்கிலிருந்து நீக்கினேன். காரணம் என்ற கட்டத்தில் ‘டெக்னிஷியன் தவறு – கோ.வா.’ என்று ஒன்பது முறை. சிவப்பில்.

வரைபடம் உடனே சாதுவாகிவிட்டது. டா.ஹ. கட்டைவிரல் படம் அனுப்பினார்.

என் கணவர் பாலா, சாயங்காலம்: “உன் வாயில ஒருத்தனாச்சும் நல்லவன்னு வந்திருக்கா?” அடுப்பைப் பார்த்தேன். ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.

நவ. 5, புதன்

வெயில்! எல்லாத் துணியும் வெளியே.

பத்து மணிக்குப் போன். கிள்ளான் நம்பர்.

“மேடம், கோகிலா பேசுறேன். ஃபைல்ல என் பேரப் போட்டு தவறுன்னு எழுதியிருக்காம்ல. மேனேஜர் சொன்னாரு. எனக்கு அந்த ஃபைல் தெறக்காது. எந்த ஒன்பதுன்னு சொன்னீங்கன்னா நோட்டுல பாப்பேன்.”

“அது சும்மா ஒரு டெக்னிக்கல் வார்த்தை லா. பெருசா எடுத்துக்காதீங்க.”

“பேரு டெக்னிக்கல் இல்லையே மேடம்.”

வாய்! நாளைக்கு நேரில் வந்து எப்படி உடைப்பது என்று காட்டுகிறேன் என்றேன். ஒரு நாள் வீண்.

நான்கு மணிக்கு மழை. துணி எல்லாம் வெளியே.

நவ. 6, வியாழன்

கொமுட்டர் ரயில் இருபத்தைந்து நிமிடத் தாமதம். சென்ட்ரல் ஸ்டேஷனில் நின்றே காப்பி. எதிரில் ஓர் ஆன்டி போனில்: “அவ வந்தா நான் வர மாட்டேன், சொல்லிடு. பாயாசத்த மட்டும் அனுப்பி விடு.”

கிள்ளானில் இறங்கி கிராப் டாக்சி. மேனேஜர் வாசலுக்கே வந்துவிட்டார், சட்டைப்பையில் மூன்று பேனா. “ஆள மாத்திட்டேன் மேடம். நீங்க போட்டத பாத்த ஒடனே. கோகிலா இப்போ பேக்கிங்ல.”

நான் அப்படிச் சொல்லவில்லையே என்று வாய் வரை வந்தது. ஒன்பது முறை எழுதியது யார்?

கூப்பிடச் சொன்னேன். வந்தாள். முப்பது வயதிருக்கும், தலையில் வலைத்தொப்பி, கையில் அதே நோட்டு. பாலிடெக்னிக் டிப்ளமா, ஆறு வருடமாக அதே அறையில் வேலை. பரிசோதனை அறை கண்ணாடி மாதிரி இருந்தது. எங்கள் ஆய்வகத்தில் தட்டு உடைக்கும் இயந்திரத்தின் மேல் யாரோ வைத்த மைலோ டின் ஒரு வருடமாக நிற்கிறது.

என் தாளைப் பார்த்து ஒன்பது எண்களையும் நோட்டில் விரல் வைத்துத் தேடினாள். அவசரமில்லாமல். பிறகு நோட்டை என் பக்கம் திருப்பினாள்.

“எல்லாமே ஏழாம் மூட்டை மேடம்.”

ஒன்பதும். மழை நாளிலும் ஏழு, வெயில் நாளிலும் ஏழு. அழுத்தியவர்கள் மூன்று வேறு ஆட்கள்.

“ஒடஞ்ச துண்டு வச்சிருக்கீங்களா?” என்றேன்.

பிஸ்கட் டின்கள். ஒவ்வொரு துண்டிலும் தேதி, மூட்டை எண். மூன்றாம் மூட்டையின் முழுத் தட்டொன்றை என் கையில் கொடுத்து வளைக்கச் சொன்னாள். விரல் வலித்தது, தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சோதனைக்கு எடுத்த ஏழாம் மூட்டைத் தட்டுகளில் கடைசியாக ஒன்று மிச்சம். அது அப்பளம்.

பாதியை எடுத்து அதன் உடையாத குழியில் சுடுதண்ணீர் ஊற்றினாள். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு நிமிடம்கூட இல்லை, அடியில் சொட்ட ஆரம்பித்தது.

“அடுத்த மாசம் ஸ்கூல் கேன்டீனுக்குப் போவுதாமே மேடம். பிள்ளைங்க கையில சூப்போட.”

“உங்க ஆய்வகத்துல ஏழு எப்படி இருந்துச்சு?” என்றும் கோகிலா கேட்டார்.

நாங்கள் ஏழாம் மூட்டைத் தட்டை உடைக்கவே இல்லை. நாங்களும் பல்கலைக்கழகக் குழுவும் முதல் ஐந்து மூட்டைகளோடு நிறுத்திவிட்டோம். ‘போதும், நல்ல கொத்து’ என்றார் டா.ஹ. நானும் சரி என்றேன்.

திரும்பும் ரயிலில் ஷா ஆலம் தாண்டும்போது நினைவு வந்தது. ஏழாம் மூட்டை. தீபாவளிக்கு முந்தின வெள்ளி. நார் இறுகிப் பிடிக்க ஆறு மணி நேரம் சோடாவில் ஊற வேண்டும். அன்றைக்குக் கிள்ளான் லிட்டில் இந்தியா கடைத்தெருவில் புடவை எடுக்கப் போகவேண்டியிருந்தது, நெரிசலுக்கு முன்னால். மூன்றரை மணி நேரத்தில் எடுத்துப் பிழிந்து மூட்டை கட்டினேன். பதிவேட்டில் ஆறு என்று எழுதினேன். நல்ல கையெழுத்தில்.

பச்சைப் புடவை. இன்னும் மடிப்புக் கலையவில்லை.

நவ. 7, வெள்ளி

தலைவலி. பனடோல் இரண்டு.

எட்டு மணிக்கே ஆய்வகம். பதிவேட்டைத் திறந்தேன். ஆறு. என் கையெழுத்து.

ஒன்பது வரிசைகளையும் திரும்பக் கணக்கில் சேர்த்தேன். மூட்டை எண்ணுக்குப் புதிதாக ஒரு கட்டம். வரைபடத்தில் ஏழாம் மூட்டை மட்டும் தனியாகக் கீழே கிடந்தது. ஒரு குழந்தைகூடக் கண்டுபிடித்திருக்கும், அந்தக் கட்டத்தை நான் முதலிலேயே சேர்த்திருந்தால்.

டா.ஹ. அறைக்குப் போய்ச் சொன்னேன், பதிவேட்டை மேசையில் வைத்து. அவர் பதிவேட்டைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

“யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும். கோகிலாவுக்கு ஏழுன்னு தெரியும்.”

“ஒரு மூட்டைக்காக ரெண்டு வருஷத்த கெடுக்கணுமா விஜி? அளவுக்கு வெளிய விழுந்ததுன்னு போட்டு விட்டுடுங்க. யார் பேரும் வேணாம். எல்லாருக்கும் நல்லது.”

“அப்புறம் கேன்டீன்ல சூப் கொட்டினா?”

“அது தொழிற்சாலை பிரச்சனை லா.”

திறந்த தரவு! இந்த மனிதரை எட்டு வருடமாக இளக்காரமாகப் பார்த்து வந்திருக்கிறேன், பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து வேலையும் செய்திருக்கிறேன். நேற்று ரயில் ஏறும்வரை அவர் சொன்னதைத்தான் நானும் சொல்லியிருப்பேன். இன்னும் நல்ல இலக்கணத்தில்.

என் மேசைக்கு வந்து காரணக் கட்டத்தில் தட்டச்சு செய்தேன்: ‘ஏழாம் மூட்டை நார் முழு நேரம் ஊறவில்லை. பதிவேட்டில் உள்ள ஆறு மணி நேரம் பொய். எழுதியது விஜயலட்சுமி. உடைத்த முறையில் பிழை இல்லை.’ மூன்று இடத்துக்கும் மின்னஞ்சல்.

மூன்று மணிக்கு டா.ஹ.விடமிருந்து இரண்டு வரி. அறிக்கை தள்ளிவைப்பு. திங்கள் முதல் ஃபைல் பொறுப்பு வேறொருவருக்கு, நான் விளக்கம் எழுதித் தரவேண்டும்.

மேனேஜருக்குப் போன் போட்டேன். ஏழாம் மூட்டைத் தட்டு எதுவும் வெளியே போகக்கூடாது என்றதும் உடனே சரி என்றார். கோகிலாவைத் திரும்ப அறைக்கு மாற்றச் சொன்னதும் குரல் இறங்கியது. “பேக்கிங்ல ஆள் பத்தல மேடம். பாக்கிறேன்.”

எனக்குத் தெரிந்த பாக்கிறேன்தான் அது.

நவ. 8, சனி

மெஷின்காரர் வந்தார். உள்ளே பாலாவின் சாக்ஸ். ஐந்து நிமிட வேலை.

பாலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏதாவது குத்துவார் என்று காத்திருந்தேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா?” என்றார்.

மின்னஞ்சல் அனுப்பினேன், மேனேஜரிடம் பேசினேன் என்றேன்.

“அந்தப் பொண்ணுகிட்ட?”

நாளைக்கு.

நவ. 9, ஞாயிறு

லேசான தூறல். பதினோரு மணிக்குக் கோகிலாவுக்குப் போன் போட்டேன். பின்னால் குக்கர் விசில், யாரோ சிரிக்கிறார்கள்.

மன்னிப்பை எழுதி வைத்திருந்தேன். படித்தேன், வேகமாக. புடவை விஷயத்தையும் சொன்னேன்.

“எங்க அம்மாகிட்ட சொன்னேன் மேடம், நான் தப்புப் பண்ணலன்னு. கைய பாத்து வேலை செய்யணும்னு எனக்கே பாட்டு விட்டாங்க. மூணு நாளு.”

“நான் அவங்ககிட்ட பேசட்டுமா?”

“வேணாம்.”

“மேனேஜர்கிட்ட திரும்பவும் சொல்றேன்.”

“சொல்லுங்க. அவரு கேக்க மாட்டாரு, இருந்தாலும் சொல்லுங்க.” குக்கர் மறுபடி. “எனக்கு ஒண்ணு செய்ங்க மேடம். அந்த ஃபைல எனக்குத் தெறந்து விடுங்க. என் நம்பர் அங்க போயி என்னா ஆவுதுன்னு நானே பாத்துக்கிறேன்.”

திங்கள் வரை பொறுப்பு என்னிடம்தான். அவருடைய மின்னஞ்சல் முகவரியைச் சேர்த்தேன். பார்க்க மட்டுமா, திருத்தவுமா என்று திரை கேட்டது. திருத்தவும்.

குளித்துவிட்டு வந்து பார்த்தேன். நான் தட்டச்சு செய்த பக்கத்தில் மூன்று எண்கள் மாறியிருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் நோட்டின் படம், கட்டைவிரல் இல்லாமல். மூன்றும் நான் பார்த்துத் தப்பாக அடித்தவை.

நான்காவதை இப்போது திருத்திக்கொண்டிருக்கிறார்.