எரிந்துபோன நெஞ்சுத் தாளுக்கு நகல் கேட்டு

அனுப்புநர்:
பெ. மரகதம், வயது 51,
க/பெ பெரியதம்பி,
ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி,
நான்காம் லயன், ரப்பர் தோட்டக் குடியிருப்பு,
கச்சால் தீவு, நிக்கோபார் மாவட்டம்.

பெறுநர்:
மருத்துவப் பரிசோதனை முகாமின் பொறுப்பு டாக்டர் அவர்கள்,
கார் நிக்கோபார்.

பொருள்: என் அக்காள் கணவர் திரு. ராஜமாணிக்கம் (வயது 58, முகாம் வரிசை எண் 23) அவர்களின் இருதயப் பரிசோதனைத் தாளுக்கு நகலும், போர்ட் பிளேர் போக மேல் சிகிச்சைக் கடிதமும் உடனே வழங்குவது தொடர்பாக.

மரியாதைக்குரிய டாக்டர் ஐயா,

வணக்கம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் எழுதும் மனு இது. கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொண்டு கடைசி வரை படிக்க வேண்டுகிறேன். நடுவில் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் சிரித்துவிட்டு மூடி வைத்துவிடக் கூடாது. அப்படி மூடி வைத்ததால் வந்த வினைதான் இந்த மனு.

1. சென்ற நவம்பர் ஆறாம் தேதி தங்கள் முகாம் எங்கள் தோட்டத்துக்கு வந்தது. நோய் வந்த பிறகு ஓடுவதை விட வருவதற்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது என்று முதல் நாளே மைக்கில் சொன்னார்கள். ரத்தம், மூத்திரம், நெஞ்சு மூன்றையும் இலவசமாகப் பார்ப்போம், காலையில் வெறும் வயிற்றோடு வாருங்கள் என்றும் சொன்னார்கள். நாங்கள் நாற்பத்தொரு பேர் பெயர் கொடுத்தோம். இதுவரை எங்களைத் தேடி இந்தத் தீவுக்கு இத்தனை மெஷின் வந்ததில்லை ஐயா. அதற்கு முதலில் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

2. எங்கள் வழக்கம் ஒன்றைத் தாங்கள் அறிய வேண்டும். எங்கள் ஆட்கள் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். விடிவதற்கு முன்பே பால் வெட்டக் கிளம்பும்போது சாயத்தண்ணி குடிப்போம். பால் ஊற்றாத வெறும் டீதான் அது. அதில் சீனி கலக்க மாட்டோம். இடது உள்ளங்கையில் கொஞ்சம் சீனியைக் கொட்டிக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மடக்கு என்று குடிப்போம். இதை நாங்கள் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. சோறு இறங்கினால்தான் சாப்பாடு.

3. அன்றைக்கும் மரம் காத்திருக்காதே என்று வெட்டு முடித்துவிட்டுத்தான் முகாமுக்கு வந்தோம். வரிசை நீளமாக இருந்தது. பசியோடு நிற்கிறார்களே என்று என் மனது கேட்கவில்லை. பெரிய கேத்தலில் சாயத்தண்ணி போட்டு, சீனி டப்பாவையும் தூக்கிக்கொண்டு வரிசை நெடுக நான்தான் கொடுத்தேன். முகாம் ஆள் ஒவ்வொருவரிடமும் ஏதாவது சாப்பிட்டாயா என்று இந்தியில் "குச் காயா?" கேட்டார். எல்லோரும் உள்ளங்கையை நக்கிக்கொண்டே "நஹி சாப்" என்று சொன்னோம். யாரும் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எங்களுக்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான்.

4. நவம்பர் இருபத்துநாலாம் தேதி கப்பலில் ரிசல்ட் தாள்கள் வந்தன. நாற்பத்தொரு பேரில் முப்பத்தெட்டுப் பேருக்குச் சர்க்கரை. எனக்கு இருநூற்று எண்பது. லயனே எழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டைப் பார்த்துக் கண்கலங்கினார். கடைக்காரர் சீனி மூட்டையைத் திருப்பி அனுப்பலாமா என்று யோசித்தார். தப்பித்தது மூன்றே பேர். காவல்கார வங்காளியும் அவர் மனைவியும் இரண்டு பேர். மூன்றாவது ஆள் எங்கள் ஐயாவு அண்ணன். கல்யாண வீட்டில் லட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிற மனுஷனுக்குச் சர்க்கரை இல்லையாம்! மூன்று நாள் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்ததை லயனில் யாராலும் சகிக்க முடியவில்லை.

5. இந்த முடிச்சை அவிழ்த்தது எங்கள் துணை சுகாதார நிலையத்து ஷீலா சிஸ்டர். ரத்தத்தில் இவ்வளவு சர்க்கரை காட்டுகிறது, ஒருவர் மூத்திரத்திலும் சர்க்கரை இறங்கவில்லையே என்று அவர் யோசித்தார். பிறகு ஐயாவு அண்ணனைக் கூப்பிட்டு டீ குடிக்கச் சொன்னார். அண்ணன் இடது கைப் பழக்கம் உள்ளவர். கிளாஸை இடது கையிலும் சீனியை வலது கையிலும் பிடித்தார். சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். முகாமில் எல்லோருக்கும் இடது கை விரலில்தான் ஊசி குத்தினார்கள். விரலில் ஒட்டியிருந்த சீனி ரத்தச் சொட்டோடு மெஷினுக்குப் போய்விட்டது. வங்காளி வீட்டாருக்குச் சீனியைக் கையில் வைத்து நக்கும் பழக்கமே கிடையாது. பஞ்சால் துடைத்தால் சீனி முழுசாகப் போகாதாம், சோப்புப் போட்டுக் கழுவ வேண்டுமாம். கழுவிவிட்டுச் சிஸ்டர் மறுபடி குத்தியதில் எனக்குத் தொண்ணூற்றாறு. இதில் முகாம் ஆட்கள் மீது நாங்கள் ஒரு குறையும் சொல்லவில்லை. கேத்தல் என்னுடையது.

6. இனி எழுதுவது சிரிப்பு இல்லை ஐயா. அன்று சாயங்காலம் சந்தோஷத்தில் நான் லயன் வாசலில் அடுப்பு மூட்டினேன். "பொய்க் காகிதத்தை எல்லாம் கொண்டாங்க, அதுலயே தேத்தண்ணி கொதிக்க வெச்சு ஆளுக்கு ரெண்டு கை சீனியோட தாரேன்" என்று கூவினேன். எல்லோரும் கொண்டுவந்தார்கள். முதலில் நீட்டியவர் என் மச்சான் ராஜமாணிக்கம். மற்றவர்களுக்கு ஒரு தாள். அவருடையதில் பின்னால் இன்னொரு நீளத் தாள் குத்தியிருந்தது, கோடு கோடாக. நான் அதைத் தூக்கிப் பிடித்து, "பாருங்கடி, மச்சான் நெஞ்சுக்குள்ள கடல் கொந்தளிக்குது, கப்பல் கேன்சல்!" என்றேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்தார். தாளை நானே என் கையால் அடுப்பில் வைத்தேன். அதில் இங்கிலீஷில் என்ன எழுதியிருந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

7. டிசம்பர் நான்காம் தேதி ஷீலா சிஸ்டர் தன் பதிவேட்டை முகாம் பட்டியலோடு சரிபார்க்கும்போது, இருபத்துமூன்றாம் எண்ணுக்கு நேராகச் சிவப்பு மையில் குறி இருந்தது. இருதயப் பரிசோதனை சரியில்லை, தாமதிக்காமல் போர்ட் பிளேருக்கு அனுப்பவும் என்று அதற்குப் பொருளாம். நான் சிஸ்டரிடம் கேட்டேன், இதுவும் சீனி செய்த வேலையாக இருக்கக் கூடாதா என்று. "இல்லக்கா. நெஞ்சுல ஒட்டுற ஒயருக்குச் சீனியும் தெரியாது, உப்பும் தெரியாது. அது சொன்னது நெசம்" என்றார்.

8. அன்றிலிருந்து யோசிக்கிறேன். என் மச்சானுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து வரிசை மரங்கள். மூன்று நான்கு மாதமாகவே அவர் பால் வாளியை மேட்டில் ஏற்றும்போது நடுவில் இரண்டு தடவை இறக்கி வைக்கிறார். இடது தோளைத் தேய்த்துக்கொள்கிறார். கேட்டால் "காத்து வாங்குறேன்" என்பார். அதை நான் மட்டும்தான் கவனித்திருக்கிறேன். கவனித்து என்ன செய்தேன் தெரியுமா ஐயா? அவர் வாளியை இறக்கி வைப்பதையும் தோளைத் தேய்ப்பதையும் அப்படியே நடித்துக் காட்டி, பால் நிறுக்கும் இடத்தில் எல்லோரையும் சிரிக்க வைத்தேன். இதைத் தங்களுக்கு எழுத வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் தாள் எரிந்துவிட்ட நிலையில் டாக்டருக்கு இந்தச் செய்தி உதவும் என்று சிஸ்டர் சொன்னதால் எழுதுகிறேன்.

9. உண்மையை அவரிடம் சொன்னேன். சிரித்தார். "ஏம்புள்ள, ரப்பர் பூட்ஸு குடுக்கிறாங்கன்னு பொய் சொல்லி ஏப்ரல் மாசம் கப்பல் ஜெட்டி வரைக்கும் நடக்க வெச்ச. இப்ப போர்ட் பிளேருக்கே கப்பல் ஏத்தப் பாக்குறியா?" என்றார். பிள்ளையார் மேல் சத்தியம் செய்தேன். "பூட்ஸுக்கும் இதே பிள்ளையார் மேலதான் சத்தியம் பண்ணின" என்றார். அழுதும் பார்த்தேன். அக்காவைக் கூப்பிட்டு, "அமிர்தவல்லி, இங்க வந்து பாரு, உன் தங்கச்சிக்குச் சினிமாவுல சான்ஸ் கெடைக்கும்" என்றார். ஷீலா சிஸ்டரே வந்து சொன்னதற்கு, சிஸ்டரையும் நான் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன் என்கிறார். முப்பத்தெட்டுப் பேருக்குப் பொய் சொன்ன மெஷின் தனக்கு மட்டும் உண்மை சொல்லுமா என்றும் கேட்கிறார். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. அந்தப் பேச்சை லயனில் கிளப்பிவிட்டதே நான்தான்.

10. இருபத்தைந்து வருடமாக நான் இந்த லயனைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஒரே ஒரு தடவை நம்பச் சொல்கிறபோது நம்ப ஆள் இல்லை. அக்கா மட்டும் நம்புகிறாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை. "மரகதம், நீ சிரிக்க வெச்சது போதும்டி, இவர எப்படியாவது கப்பல் ஏத்திவிடு" என்று அடங்கிய குரலில் சொன்னாள்.

11. கப்பலிலோ ஹெலிகாப்டரிலோ நோயாளிக்கான இடம் கிடைக்க டாக்டர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும் என்கிறார்கள். சிஸ்டர் தங்கள் முகாமுக்குப் போன் போட்டபோது, நோயாளியோ குடும்பத்தாரோ எழுத்தில் கேட்டால்தான் நகல் தர முடியும் என்று பதில் வந்தது. நோயாளி கேட்க மாட்டார் என்பதைத் தாங்களே இதுவரை படித்ததில் புரிந்துகொண்டிருப்பீர்கள். ஆகவே குடும்பத்தார் கேட்கிறோம்:

அ) வரிசை எண் 23-இன் இருதயப் பரிசோதனைத் தாள் நகலும் போர்ட் பிளேருக்கான மேல் சிகிச்சைக் கடிதமும் தர வேண்டும். கடிதம் ராஜமாணிக்கம் என்று அவர் பெயருக்கே, முத்திரையோடு, முடிந்தால் தமிழில் இரண்டு வரியாவது சேர்த்து வர வேண்டும். என் பேச்சை நம்பாதவர் முத்திரையை நம்புவார். வரும் பதினெட்டாம் தேதி போர்ட் பிளேர் கப்பல் இருக்கிறது. அதற்குள் கடிதத்தைப் போட்டோ எடுத்துச் சிஸ்டர் போனுக்கு அனுப்பினாலும் போதும்.

ஆ) தங்கள் அலுவலகத்தில் கிருஷ்ணமூர்த்தி என்று தமிழ் தெரிந்த கிளார்க் இருப்பதாகச் சிஸ்டர் சொன்னார். அவரையாவது மச்சானிடம் போனில் ஒரு நிமிஷம் பேசச் சொல்லவும். குரல் கண்டிப்பாக இருக்கட்டும். சிரித்தால் நான் பேச வைத்த ஆள் என்று நினைத்துவிடுவார்.

இ) கடிதத்தில் கூடப் போகும் ஆள் என்ற இடத்தில் அக்கா பெயரோடு என் பெயரையும் எழுதவும். போர்ட் பிளேர் பக்கம் புரோத்ராபூரில் எங்கள் சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொள்வோம். அரசாங்கத்துக்குச் செலவு இல்லை.

ஈ) மீதி நாற்பது பேருக்கும் மறுபடி ரத்தம் பார்க்க ஒரு நாள் ஒதுக்க வேண்டும். எல்லோரும் தாளை எரித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அதில் உண்மையாகவே சர்க்கரை உள்ளவர் யாராவது இருக்கலாம் என்று சிஸ்டர் கவலைப்படுகிறார். அடுத்த முறை சாயத்தண்ணியும் சாப்பாடுதான், சீனியும் சாப்பாடுதான், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வா என்று மைக்கில் தமிழிலும் சொல்லச் சொல்லவும். வரிசைக்குக் கேத்தல் வராது என்று நான் எழுதியே கொடுக்கிறேன்.

12. கடைசியாக ஒன்று. சிஸ்டர் அவரை மேடு ஏறக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். சொன்னால் கேட்கிற ஆளா? அதனால் திங்கட்கிழமை அவரோடு சீட்டு ஆடி, வேண்டுமென்றே தோற்றேன். தோற்றவள் பத்து நாளைக்கு ஜெயித்தவர் மரத்தையும் வெட்டி, வாளியையும் சுமக்க வேண்டும் என்பது பந்தயம். இன்றோடு மூன்று நாளாக இரண்டு வரிசை மரத்தையும் நானே வெட்டுகிறேன். அவர் கீழே கல்லில் உட்கார்ந்து, "நல்லாச் சொமடி என் கொழுந்தியா" என்று கேலி செய்துகொண்டிருக்கிறார். இதை மட்டும் அவர் ஒரு சந்தேகமும் இல்லாமல் நம்பிவிட்டார். பந்தயம் பதினெட்டாம் தேதியோடு முடிகிறது ஐயா. அதற்கு மேல் அவரை உட்கார வைக்க என்னிடம் வேறு பொய் இல்லை. தங்களிடம் உள்ள உண்மையைச் சீக்கிரம் அனுப்பி வைக்கப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கச்சால்
நாள்: 11.12.2025

இப்படிக்கு,
பெ. மரகதம்

நோயாளியின் மனைவி: ரா. அமிர்தவல்லி (இடது பெருவிரல் ரேகை. கை கழுவிய பிறகு வைத்தது.)